நீ பச்சை பூசிய இடத்தில் மரம் இல்லை

தம்பி,

நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமை போனில் கத்திய கத்தலிலேயே தெரிந்துவிட்டது. முழங்காலைத் தவிர எனக்கும் குறை ஒன்றுமில்லை. செல்போன் வாங்கிக் கொடுத்தும் இந்த அம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை எடுத்தால் பாதியிலேயே "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்பறம் இதுவரை வந்ததில்லை. போன தை மாதத்தில் மட்டும் ஐந்து தடவை அப்படி வைத்தாய். எந்தெந்தக் கிழமை என்று சொன்னால், "எல்லாத்தயும் ஞாபகம் வச்சிக்கினே இருப்பியா?" என்பாய். இருப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எதையும் எழுதி வைத்துப் பழகவில்லை, எல்லாம் மண்டையில்தான் கிடக்கிறது. கடுதாசியை நீ பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், திரும்ப எடுத்துத்தான் ஆக வேண்டும். நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி. படித்து முடிக்கும்வரை அந்த வரைபடத்தை யார் கையிலும் கொடுக்காதே.

ஆமாம், உன் வரைபடத்தைப் பற்றித்தான். வருகிற திங்கட்கிழமை அதை அரசாங்கத்திடம் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். இன்னொரு சுனாமி வந்தால் மாமல்லபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள கரையோரங்களிலும் எங்கே எவ்வளவு தண்ணீர் ஏறும், எந்த இடம் தப்பிக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருக்கிறாய். நம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் தோப்புத்தெரு தப்பிக்கிற இடம் என்று உன் கணக்கில் வந்திருக்கிறது. அந்தச் சேதி இப்போதே ஊரில் பரவி, அதை நம்பி, அங்கே காலியாகக் கிடக்கும் மனையில் அங்கன்வாடி கட்டுவது என்று பஞ்சாயத்தில் பேசி, போன புதன்கிழமை சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டார்கள். இருபது இருபத்தைந்து குழந்தைகள், நடக்கத் தெரிந்து ஓடத் தெரியாத வயசு. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அது உன் பெரியம்மா பச்சையம்மாவின் பழைய வீடு இருந்த மனை. உன் பெரியப்பாவின் கட்டில் கிடந்த இடத்துக்கு மேலேயே அந்தக் கோடு போகிறது. தம்பி, உன் வரைபடம் தப்பு. தப்பு என்று எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உன்மேல் எனக்கு இருக்கிற எரிச்சலில் பாதி, என்மேல் நானே பட்டுக்கொள்ள வேண்டியது. ஆனாலும் உன் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு என் பங்குக்கு வருகிறேன்.

போன வைகாசியில் நாவலூரிலிருந்து வந்தபோது அந்தப் பெரிய காகிதத்தைக் கூடத்தில் விரித்து, நாலு மூலைக்கும் என் சொம்பையும் டம்ளரையும் வைத்து அழுத்தினாய். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துத் தரை முழுவதற்கும் நிறம் பூசியிருந்தாய். மணலுக்கு மஞ்சள், வீட்டுக்குச் சிவப்பு, கழிவெளித் தண்ணீருக்கு நீலம், மரத்துக்குப் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு, அந்தத் தரை தண்ணீரை எவ்வளவு பிடித்து நிறுத்தும் என்பதற்கான எண் அது என்றாய். வெறும் மணலில் தண்ணீர் தடையில்லாமல் ஓடிவரும், நெருக்கமாக நட்ட சவுக்கில் முட்டி முட்டித் தளர்ந்துபோகும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் சிமெண்டில் ஓடும், புல்லில் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள நீ வடக்கே போய் நாலு வருஷம் படித்திருக்க வேண்டாம். சொன்னால் கோபம் வரும் என்று சொல்லவில்லை. "ஓட்டல்காரன் போட்ட புல்லும் பச்ச, நம்ம தோப்பும் பச்ச. ரெண்டும் ஒண்ணாடா?" என்று மட்டும் கேட்டேன். நீ சிரித்தாய். "அது வேற பச்ச, இது வேற பச்சமா. கம்ப்யூட்டருக்குத் தெரியும்." கம்ப்யூட்டருக்குப் பச்சை தெரியும். அந்தப் பச்சை எந்த மாதத்துப் பச்சை என்று அதற்குத் தெரியுமா என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். அந்தப் படம் சுனாமி வந்த வருஷத்துப் பங்குனியில் எடுத்தது, மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும் என்பதால் பங்குனிப் படத்தை எடுத்துக்கொண்டோம் என்று நீயே சொன்னாய். அதைக் கேட்டதும் டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

நான் டீ போட்டு எடுத்து வந்தபோது நீ இன்னொன்று சொன்னாய். கணக்கு சரியா என்று பார்க்க, பழைய அலையையே கம்ப்யூட்டருக்குள் மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தாயாம். மாமல்லபுரத்தில் மதில் சுவர்களில் இருந்த தண்ணீர்க் கோட்டோடு ஒத்துப்போனதாம். வடக்கே இருக்கிற மீனவக் குப்பத்திலும் அவர்கள் சொன்ன உயரம் ஒத்துப்போனதாம். தோப்புத்தெருவில் மட்டும் உதைத்ததாம். பெரியம்மா நெஞ்சளவு என்று சொல்கிறாள், கணக்குப்படி அங்கே கணுக்கால் நனைந்தாலே அதிகம் என்றாய்.

"அப்ப இன்னா பண்ண?" என்று கேட்டேன்.

"பெரியம்மா சொன்னத எடுத்துட்டேன். அவுட்லயர்மா அவங்க."

"அப்படின்னா?"

"ஒத்துவராத ஆளுன்னு வச்சிக்கயேன்."

அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக அவளைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். படித்த பிள்ளை, அதையே கம்ப்யூட்டர் வைத்து நிரூபித்துவிட்டானே என்று இருந்தது. நீ போன பிறகுதான் மண்டையில் ஏறியது. தண்ணீர் கணுக்கால் அளவு என்றால் உன் பெரியப்பா எப்படிச் செத்தார்? அவர் வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்தார், காய்ச்சல், எழுந்திருக்கவில்லை என்று பச்சையம்மா அன்றிலிருந்து சொல்கிறாள். கோலை ஊன்றிக்கொண்டு காலையில் கரைப்பக்கம் போயிருப்பார், அங்கே அலை அடித்திருக்கும் என்று நீ எழுதி வைத்திருக்கிறாய். உன் கணக்குப்படி அவர் வீட்டுக்குள் சாகவே முடியாது. அதனால் செத்த மனுஷனைக் கட்டிலிலிருந்து எழுப்பி, நடக்க வைத்து, கரைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறாய். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கணக்கைத்தானே சந்தேகப்பட வேண்டும்? தாலி அறுத்தவளை ஏன் சந்தேகப்பட்டாய்?

நீ அவளிடம் போய்க் கேட்ட லட்சணமும் எனக்குத் தெரியும். தோப்புத்தெருவில் இருப்பது பதினொரு வீடு, எதுவும் என் காதுக்கு வராமல் போகாது. ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாயாம். கையில் அட்டை, அட்டையில் படிவம். அவள் "உள்ள வாப்பா, குந்து" என்று சொல்லி மோர் எடுத்துவந்தாளாம். "வேணாம் பெரியம்மா, டைம் இல்ல" என்றாயாம். "தண்ணியாவது குடி" என்றாளாம். அதுவும் வேண்டாம் என்றாயாம். "தண்ணி எது வரைக்கும் வந்துச்சி, கணுக்காலா, முட்டியா, இடுப்பா, நெஞ்சா?" என்று கடையில் அளவு கேட்கிற மாதிரி கேட்டு, அவள் சொன்னதில் ஒரு டிக் போட்டாயாம். அவள், "ஒங்கம்மா முன்வரிசய வெட்டாம இருந்தா தண்ணி இவ்ளோ வந்திருக்காதுப்பா" என்று சொன்னதற்கு உன் படிவத்தில் இடம் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறாய். அவர்கள், "அது ஒங்கூட்டு விசயம் தம்பி, எங்கள இன்னாத்துக்கு இழுக்கற?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெரியம்மாவுக்கு அம்மாமேல் உள்ள கோபம் பேசுகிறது என்று நீயும் முடிவு செய்து வந்துவிட்டாய்.

அவள் வீட்டில் தண்ணீர் குடிக்காதே என்று உன்னை வளர்த்தவள் நான். அதை நான் மறுக்கவில்லை. உங்கப்பா செத்தபோது உனக்குப் பதினாறு வயசு. கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழை. பாடையை எடுத்துக்கொண்டு போனால், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் உன் பெரியப்பா வீட்டு மனைக்குக் குறுக்கே முள்வேலி. பாகத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். வேலியைப் பிரிக்க ஆள் இல்லை என்று கழிவெளி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். சேற்றில் முன்னால் தூக்கினவருக்குக் கால் வழுக்கி, பாடை ஒரு பக்கம் சாய்ந்து, உங்கப்பாவின் கை வெளியே தொங்கியது. நீ ஓடிப்போய் அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தாய். அன்றிலிருந்து அந்த வீட்டோடு எனக்குப் பேச்சில்லை, அந்த வீட்டுத் தண்ணீர் என் பிள்ளையின் தொண்டையில் இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். இன்றைக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வேலி போட்டது உன் பெரியப்பா. பச்சையம்மா அப்போது ஊரிலேயே இல்லை, செய்யூரில் அவள் அம்மாவுக்கு முடியாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இது அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்தேன் என்கிறாய்? அவள்மேல் இருந்த கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். உன் பெரியப்பாவைப் பகைத்துக்கொண்டால் பட்டா, வரப்பு, கிணறு என்று எந்தக் காரியமும் நடக்காது. ஓரகத்தியைப் பகைத்துக்கொள்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதனால் அவர் செய்ததை அவள் தலையில் வைத்தேன். வைத்த பிறகு அதை இறக்குவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

இனி என் பங்கு. சவுக்கு என்றால் உனக்கு ஒரு நிறம். எங்களுக்கு அது நாலைந்து வருஷத்துப் பயிர். நட்டு, தண்ணீர் ஊற்றி, கிளை கழித்து, பருவம் வந்ததும் மொத்தமாக வெட்டி, வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்துவிட்டு, ஐப்பசி மழைக்கு மறுபடியும் கன்று வைப்போம். இது உனக்குத் தெரியும், தெரியாது என்று சொல்லாதே. சின்ன வயசில் அந்த வேர்க்கட்டைமேல் ஏறி நின்று பஸ் ஓட்டினவன்தானே நீ. ஆனால் உன் தாத்தா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கடலைப் பார்த்த பக்கம் எட்டு வரிசை மரத்தை வெட்டாமல் விட்டுவிட வேண்டும். புதுக்கன்று ஆள் உயரம் வந்த பிறகுதான் அதில் கை வைக்கலாம். அதற்குப் பெயர் முன்வரிசை. காற்றில் வரும் மணலை அது தடுக்கும், இல்லாவிட்டால் தோப்புத்தெருவில் சோற்றில் மணல் விழும். பாகம் பிரித்தபோது தோப்பு நமக்கு வந்தது, தெருவில் இருக்கும் மனை அவர்களுக்குப் போனது. முன்வரிசையை விட்டுவைப்பது பத்திரத்தில் எழுதின விஷயம் இல்லை. எழுதாமலே எல்லாரும் செய்து வந்தோம்.

சுனாமி வந்த அந்த வருஷம் ஆவணியில் தோப்பை வெட்டினோம். நீ வடக்கே படித்துக்கொண்டிருந்தாய். மேஸ்திரி பன்னிரண்டு ஆளோடு வந்து வேலை நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், முன்வரிசைக்கு இந்தப் பக்கம் வரை வெட்டி முடித்து, ஆட்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். பச்சையம்மா தெருப்பக்கத்திலிருந்து வந்தாள். ஒன்பது வருஷமாக என்னோடு பேசாதவள், அன்றைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இன்னா மேஸ்திரி, முன்வரிசைல கை வச்சிடாத. சொல்லிட்டேன். அவங்களுக்கு இன்னா, ரோட்டாண்ட மேட்டுல வூடு. மண்ணு வாரி வாயில விழறது எங்களுக்குத்தான்."

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவள் வந்து சொல்லியிருக்கவே வேண்டாம், அந்த எட்டு வரிசையைத் தொடும் எண்ணம் எனக்கும் கிடையாது. ஆனால் என் தோப்பில் நின்று, என் ஆளிடம், என்னை ஆளாகவே மதிக்காமல் உத்தரவு போடுகிறாளே என்று எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"மேஸ்திரி, தோப்பு யார்துன்னு அந்தம்மாவக் கேளு."

"யார்தா இருந்தா இன்னா? மாமனாரு வச்ச மொற இது."

"மாமனாரு மொறலாம் இப்பத்தான் ஞாபகம் வருதா? பொணம் போற வழியில முள்ளப் போட்டப்ப எங்க போச்சாம் அந்த மொற?"

அந்த வேலியை அவள் போடவில்லை என்று தெரிந்துகொண்டே அதைச் சொன்னேன். புருஷனைக் காட்டிக்கொடுக்காமல் அவள் திரும்பி நடந்தாள். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னாம்மா பண்ணட்டும்? வுட்டுடலாமா?" என்று கேட்டான். அப்போது வாயிலிருந்து வந்ததைக் கேள்: "எட்டு வரிசயும் வெட்டு. வேரோட எடு." தெரு வரை கேட்கும்படி கத்திச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் தெருவில் நின்று பார்த்தால் கடல் தெரிந்தது. அதுவரை அந்தத் தெருவிலிருந்து கடல் தெரிந்ததே இல்லை. குழந்தைகளெல்லாம் ஓடிவந்து வேடிக்கை பார்த்தன. ஐப்பசியில் கன்று வைத்தோம், முழங்கால் உயரம், விரல் கனம். மார்கழிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை காலையில் அலை வந்தது.

நான் திருக்கழுக்குன்றத்துக்குச் சாமி பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கன்று ஒன்றுகூட இல்லை, சலவை செய்து விரித்த மாதிரி மணல். தோப்புத்தெருவில் மண்சுவர் வீடெல்லாம் கரைந்து கூரை மட்டும் தரையில் கிடந்தது. ஒரு வாரம் கழித்து நீ வந்தாய். மணலைப் பார்த்துவிட்டு, "தோப்பு எங்கம்மா?" என்று கேட்டாய். "சவுக்கெல்லாம் அல கொண்டும்போயிடிச்சிடா" என்றேன். கன்றைத்தான் கொண்டுபோனது, மரத்தைக் கொண்டுபோனது நான். நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் மரம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மட்டும் யோக்கியமாக இருந்தேன். அந்தப் பொய்யை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மரமே நிக்கலன்னா எவ்ளோ பெரிய அலயா இருந்திருக்கும்" என்றாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு நீ இந்த வேலையில் சேர்ந்தாய். அதன்பிறகு தினமும் சொல்லியிருக்கலாம், தினமும் சொல்லாமல் இருந்தேன். நீ நம்பக் கூடாத ஆள் ஒருத்தி உண்டென்றால் அது நான். நீ நம்பாமல் விட்டதோ அவளை.

ஆகவே அந்தப் பச்சையை அழி. அலை வந்த அன்றைக்கு அங்கே மஞ்சள்தான், வெறும் மணல். மஞ்சளைப் பூசி அந்த அலையை மறுபடியும் ஓடவிட்டுப் பார், தண்ணீர் பெரியப்பாவின் கட்டிலுக்கு வருகிறதா இல்லையா என்று. வரும். இன்றைக்கு அங்கே நீ பார்க்கிற தோப்பும் சுனாமிக்குப் பிறகு நான் வைத்ததுதான். மூன்று வயசு, நன்றாக நெருங்கி நிற்கிறது, பார்க்கிறவன் ஏமாந்துதான் போவான். இன்னும் ஒரு வருஷத்திலோ இரண்டு வருஷத்திலோ அதையும் வெட்டியாக வேண்டும், பயிர் வைத்தவன் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். நம் தோப்பு மட்டும் இல்லை, செய்யூர் வரைக்கும் கரையோரத்தில் நீ பச்சை பூசிய இடத்தில் எத்தனை இடம் இப்படி வெட்டுகிற பயிர் என்று உன் கம்ப்யூட்டரைக் கேள். அதற்குத் தெரியாது. போய்த் தோப்புக்காரனைக் கேள். எப்போது வெட்டுவாய், முன்வரிசை விடுவாயா, போன தடவை விட்டாயா என்று உட்கார்ந்து கேள். ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார். மோர் கொடுத்தால் குடி. என் சத்தியத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். எந்த வீட்டிலும் குடி, அந்த வீட்டில் முதலில் குடி. மரம் இருந்தால் எவ்வளவு, வெட்டிய வருஷத்தில் எவ்வளவு என்று இரண்டு வரைபடம் போடு. இரண்டு போட்டால் குழப்பம், அரசாங்கத்தில் ஒன்றுதான் கேட்கிறார்கள் என்று என்னிடம் சாக்குச் சொல்லாதே. அப்படி ஒன்றுதான் கொடுக்க முடியும் என்றால் மரம் இல்லாததைக் கொடு. உன் வேலைக்குக் கெட்ட பெயர் வரும், மூன்று வருஷத்து உழைப்பு என்பாய். வரட்டும். அந்த மனையில் அங்கன்வாடி வேண்டாம் என்று பச்சையம்மா பஞ்சாயத்தில் போய்ச் சொன்னாளாம். "ஒங்கூட்டுப் புள்ள போட்ட மேப்பே பயமில்லன்னு சொல்லுது, ஒனுக்கு இன்னா ஆயா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். உன் பெயரைச் சொல்லி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

இதுவரைக்கும் எழுதி மடித்து வைத்துவிட்டேன். பிறகு, அவளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் அதுவும் இன்னொரு புறம்பேச்சுத்தான் என்று பட்டது. அவளுக்கு எழுத்துத் தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். இன்று காலை போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா, வழி தெரியாம வந்துட்டியா?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். உன் பிள்ளைக்கா எழுதினாய் என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி முதலிலிருந்து படித்தேன். வேலி விஷயம் வந்தபோது கீரை ஆயும் கை நின்றது, பிறகு மறுபடியும் ஆய்ந்தது. முன்வரிசை விஷயம் வந்தபோது என் குரல்தான் நின்றது. "படி, படி. நீ கத்தினத மட்டும் படிக்காம வுட்டுடாத" என்றாள். படித்தேன். மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. அதெல்லாம் எங்களுக்குள் வருவதற்கு இன்னும் நாள் ஆகும், வராமலும் போகலாம். கடைசியில் அவள் கேட்டது இதுதான்.

"நெஞ்சளவுன்னு எழுதிக்கீற?"

"நீதானே அவன்கிட்ட அப்படிச் சொன்ன?"

"சொன்னேன். கய்த்தளவுமே. மோவாய்க்குக் கீழ வந்து நின்னிச்சி. உத்தரத்தப் புட்சிகினு தொங்கனேன். இந்தக் கையில அவர் கை. உருவிக்கினு போச்சி."

"அப்பறம் ஏன் கம்மி பண்ணிச் சொன்ன?"

"கய்த்துன்னா ஒம்புள்ள நம்பமாட்டான். நெஞ்சுன்னாலாவது நம்புவான்னு பாத்தேன்."

எழுந்து போய்ப் பக்கத்துத் தையல்காரப் பெண்ணிடம் அளவு டேப் வாங்கிவந்தேன். பச்சையம்மா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, வெறும் காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். மோவாய்க்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். பழைய வீட்டுத் தரை உள் கூடத்தில் சமமாகத்தான் இருந்தது, மேடு பள்ளம் இல்லை என்றும் சொல்லச் சொன்னாள். இரண்டு தடவை அளந்தேன். நாலு அடி ஒரு அங்குலம். மேலே நான் நெஞ்சளவு என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்.

அம்மா